முத்துக்கரையிலிருந்து பனிநாட்டுக்கு

நுழையும்முன்

தொலைதூரப் பயணத்திற்கு எவற்றை எடுத்துச் செல்வது என்று எல்லாரும் எண்ணுவர். யாரோடு செல்வது என்பதைச் சிலரே எண்ணுவர். தூத்துக்குடிக் கடற்கரையில் தமிழைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த ஒருவர், எட்டு ஆண்டுகளுக்குப்பின் ஜப்பானின் பனியில் நடந்தார். 1550ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நிகழ்ந்த அப்பயணத்தையும், மொழியறியா நாட்டில் அவருக்குத் துணைநின்றோரையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

முத்துக்குளித்துறை

கொற்கையின் முத்து கடல்கடந்த நாடுகளிலும் பெயர்பெற்றிருந்தது. கடல் விலகிக் கொற்கை துறைமுகச் சிறப்பை இழந்தபின் காயலும், அதன்பின் தூத்துக்குடியும் முத்து வாணிகத்தின் நடுவிடங்களாயின. மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல் எனத் தொடரும் ஊர்களைக் கொண்ட இக்கரையே முத்துக்குளித்துறை எனப்பட்டது.

கடலடியில் சிப்பிகள் படிந்திருக்கும் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். கல்லின் எடையால் விரைந்து கீழிறங்கிச் சிப்பிகளை அள்ளுபவர் ஒருவர். தோணியில் நின்று கயிற்றைப் பிடிப்பவர் மற்றொருவர். மூழ்கியவர் கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவர் இழுத்தாக வேண்டும். சற்றே கவனம் சிதறினாலும் கீழே இருப்பவரின் மூச்சு முடிந்துவிடும். கயிறு பிடிக்க மைத்துனரையே அமர்த்துவர் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. உடன்பிறந்தாளின் தாலி அக்கயிற்றில்தான் இருக்கிறது என்பதை அவர் மறப்பாரா?

இக்கரைக்கு 1542ஆம் ஆண்டு வந்து சேர்ந்தார், சவேரியார் எனத் தமிழ்மக்கள் அழைக்கும் பிரான்சிஸ் சேவியர். இன்றைய ஸ்பெயினிலுள்ள நவார் பகுதியில் 1506இல் பிறந்து, பாரிசில் பயின்றவர். பரதவ மக்களிடையே சமயப்பணி செய்ய வந்த அவருக்குத் தமிழ் தெரியாது. கோவாவில் கல்வி கற்ற இக்கரை இளைஞர் மூவர் அவருடன் வந்தனர். அவர்களின் நாவே அவருடைய நாவாயிற்று.

'வேணும்' என்னும் சொல்

தூத்துக்குடியில் இருமொழியும் ஓரளவு அறிந்தவர்களை ஒன்றுகூட்டி, மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்கச் செய்தார் சேவியர். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஒலித்தவாறு தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் அழைத்தார். தாம் சொல்லும் தொடரின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் என்ன என்பது அவருக்கே முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை.

இதனால் விளைந்த பிழை ஒன்று அவருடைய கடிதத்திலேயே பதிவாகியுள்ளது. 'நம்புகிறேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்ற தொடர் அம்மன்றாட்டில் இடம்பெற்றிருந்தது. 1544இல் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், 'வேணும்' என்பது விரும்புதலைக் குறிப்பதால் அதை நீக்கி, 'விசுவாசம்' என்ற சொல்லை இடுமாறு அவர் அறிவுறுத்துகிறார். கடலோர ஊர்களின் பேச்சுத்தமிழ் பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கடிதம் ஒன்றில் இவ்வாறு அகப்பட்டிருப்பது மொழி வரலாற்றுக்கும் ஒரு சான்றாகும்.

அவ்வாண்டிலேயே வடுகர் படைக்கு அஞ்சி ஓடிய மக்கள், குமரிமுனைப் பாறைகளில் உணவின்றி ஒதுங்கினர். மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவேற்றிக்கொண்டு புறப்பட்டார் சேவியர். எதிர்க்காற்று தோணிகளைச் செல்லவிடவில்லை.

1545இல் இக்கரையை விட்டு நீங்கிய அவர், 1547இல் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்தார். கற்பதில் ஆர்வமும் கேள்வி கேட்பதில் துணிவும் கொண்ட அஞ்சிரோவைக் கண்டபின் ஜப்பான் செல்லும் எண்ணம் அவருள் வலுப்பெற்றது. 1549ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று சீனக் கப்பலொன்றில் மலாக்காவை விட்டு நீங்கி, ஆகஸ்டு 15 அன்று காகோசிமா துறையை அடைந்தார். கோசுமே தே தோரஸ், யுவான் பெர்னாண்டஸ் ஆகிய ஸ்பெயின் நாட்டவர் இருவர், அஞ்சிரோ உள்ளிட்ட ஜப்பானியர் மூவர், மானுவேல் என்னும் சீனர், அமதோர் என்னும் 'மலபார்'க்காரர் ஆகியோர் உடன்சென்றனர். அக்காலப் போர்ச்சுக்கீசியர் தமிழையும் 'மலபார் மொழி' என்றே எழுதினர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

பனியில் ஒரு பயணம்

மார்கழியிலும் தடித்த மேலாடை தேவைப்படாத கரை தூத்துக்குடி. அங்கே மணலின் வெப்பத்தில் நடந்து பழகிய கால்கள் இப்போது வேறொரு நிலத்தில் நடக்க வேண்டியிருந்தது. ஓராண்டுக்கும் மேலாகக் காகோசிமாவில் தங்கிய சேவியர், பின்பு கிராதோ தீவுக்குச் சென்றார். தோரசை அங்கு விட்டுவிட்டு, பெர்னாண்டசையும் பெர்னார்தோ என்னும் ஜப்பானிய இளைஞரையும் அழைத்துக்கொண்டு 1550ஆம் ஆண்டின் இறுதியில் யாமாகுச்சி நகரத்தை அடைந்தார். பத்தாயிரம் வீடுகளுக்குமேல் கொண்ட நகரம் என்று அதனைப் பின்னர்க் குறிப்பிடுகிறார்.

நாள்தோறும் இருமுறை தெருமுனையில் நின்று, ஜப்பானிய மொழியில் எழுதி வைத்திருந்த ஏட்டைப் பெர்னாண்டஸ் உரக்கப் படிப்பார்; சேவியர் அருகில் நிற்பார். கேட்டவர்களுள் சிலர் நகைத்தனர். சிலர் வினாக்களை அடுக்கினர். தூத்துக்குடித் தெருக்களில் மணியடித்து நின்றவர், இங்கு வாய்பேசாச் சிலைபோல் நிற்க நேர்ந்தது.

டிசம்பர்த் திங்களின் நடுவில் மூவரும் தலைநகரான மியாக்கோவை, அதாவது இன்றைய கியோட்டோவை, நோக்கிப் புறப்பட்டனர். குளிர்காலத்தின் கடுமையான பகுதி அது. மலைப்பாதைகளில் முழங்கால் அளவு பனி கிடந்தது. ஆற்றைக் கடக்க நேர்ந்தால் உறையும் நீரில் இறங்க வேண்டும். வறுத்த அரிசியைப் பையில் சுமந்து வந்தார் பெர்னார்தோ. பல நாள்கள் அதுவே மூவருக்கும் உணவு. விடுதிகளில் கிடைத்தவை பாயும் மரத் தலையணையும்தாம். வெறுங்காலுடன் நடந்த சேவியரின் காலடியில் குருதி கசிந்து பனியில் படிந்தது என்று பெர்னாண்டஸ் வாயிலாக அறியப்படுகிறது.

இவாகுனியில் படகேறி உள்நாட்டுக் கடல்வழியே சாக்காய் துறைக்குச் சென்றனர். அக்கடலில் கொள்ளையர் மிகுதி. அன்னியர் என்பதால் உடன்பயணிகளும் ஏளனம் செய்தனர். ஒருவர் மட்டும் இரங்கி, சாக்காயிலுள்ள தம் நண்பருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்தார். அந்த நண்பரின் உதவியால், பல்லக்கில் தலைநகர் செல்லும் உயர்குடியினர் ஒருவரின் ஏவலர் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள இடம் கிடைத்தது. பல்லக்கின் வேகத்திற்கு ஈடுகொடுத்து மூவரும் ஓட்டமும் நடையுமாகச் சென்றனர். அப்போது சேவியருக்கு வயது 44.

தலைநகரில் பதினொரு நாள்

இத்தனை துன்பமும் எதற்காக? மியாக்கோவிலுள்ள பேரரசரைக் கண்டு இசைவு பெற்றால், நாடு முழுவதும் தடையின்றிச் செல்லலாம் என்பது சேவியரின் கணிப்பு. அக்கணிப்பு ஐரோப்பாவின் அரசியலை ஒட்டியது. ஜப்பானின் நிலைமை வேறாக இருந்தது. 1467இல் தொடங்கிப் பத்தாண்டு நீடித்த ஓனின் போரிலும், அதைத் தொடர்ந்த பூசல்களிலும் தலைநகரின் பெரும்பகுதி எரிந்து சிதைந்திருந்தது. பேரரசர் கோநாரா 1526இல் பட்டத்துக்கு உரியவரானபோதும், முடிசூட்டு விழாவிற்குப் பொருளின்றிப் பத்தாண்டு காத்திருந்தவர். படைத்தலைவரான சோகன் நகரைவிட்டே வெளியேறியிருந்தார். ஆட்சி உண்மையில் வட்டாரத் தலைவர்களின் கையில் இருந்தது.

காணிக்கையின்றி அரண்மனைக்குள் நுழைய முடியாது என்று வாயிலில் சொல்லிவிட்டனர். காணிக்கைப் பொருள்களோ கிராதோவில் கிடந்தன. கியேய் மலையிலுள்ள புகழ்மிக்க பௌத்தக் கல்விநிலையமும் கதவைத் திறக்கவில்லை. பதினொரு நாள்கள் தங்கிவிட்டு, வந்த குளிரிலேயே மூவரும் திரும்பினர். பயணத்தின் நோக்கத்தை வைத்துப் பார்த்தால் இது முழுத்தோல்வியே. ஆயினும் ஒரு நாட்டின் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதை ஏட்டில் படித்து அறிவதற்கும் அதன் வாயிலில் நின்று அறிவதற்கும் வேறுபாடு உண்டு. சேவியர் இரண்டாம் வகையில் அறிந்தார்.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1551ஆம் ஆண்டின் வேனிற்காலத் தொடக்கத்தில் அவர் மீண்டும் யாமாகுச்சி சென்றபோது, கந்தலாடை அணிந்திருக்கவில்லை, பட்டு உடுத்தியிருந்தார். ஆளுநரின் மடல்களோடு இயந்திரக் கடிகாரம், இசைக்கருவி, மூக்குக்கண்ணாடி முதலியவற்றை வட்டாரத் தலைவர் ஓஉச்சி யோசிதாக்காவிடம் கையளித்தார். ஜப்பானுக்கு வந்த முதல் இயந்திரக் கடிகாரம் அதுவே என்பர். பேசுவதற்கு இசைவும், தங்குவதற்கு ஆளில்லாத மடம் ஒன்றும் கிடைத்தன.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானியர் பழங்காலத்தில் இந்தியாவைத் 'தென்சிக்கு' என்றனர். அது புத்தர் பிறந்த நாடு என்ற மதிப்பு அங்கு நிலவியது. கோவாவிலிருந்து வந்தமையால் சேவியரையும் தோழரையும் தென்சிக்கு நாட்டவர் என்றே பலர் கருதினர். 1552இல் யாமாகுச்சியின் புதிய தலைவர் வழங்கிய இடக்கொடை ஆவணம், புத்தரின் அறத்தைப் பரப்ப மேற்கிலிருந்து வந்த துறவியர் என்று அவர்களைக் குறிப்பிடுகிறது.

மீண்டும் ஒரு சொல்

இக்குழப்பத்திற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம். இறைவனைக் குறிக்க அஞ்சிரோ தந்த சொல் 'தாய்நிச்சி'. அது சிங்கோன் பௌத்தப் பிரிவினர் வணங்கும் பெருஞ்சுடர்ப் புத்தரின் பெயர். சிங்கோன் துறவியர் தம்மை ஏன் அவ்வளவு அன்புடன் வரவேற்கின்றனர் என்று வியந்த சேவியர், யாமாகுச்சியில் உசாவியபோதுதான் உண்மையை உணர்ந்தார். அச்சொல்லை உடனே கைவிட்டு, 'தேயுஸ்' என்னும் இலத்தீன் சொல்லையே ஆளுமாறு பெர்னாண்டசிடம் கூறினார். அதிலும் இடர் இருந்தது. அச்சொல்லின் ஒலியைத் திரித்து, 'பெரும்பொய்' என்னும் பொருள்தரும் 'தாய் உசோ' என்று எதிர்ப்பாளர் கேலி செய்தனர். தூத்துக்குடியில் 'வேணும்', யாமாகுச்சியில் 'தாய்நிச்சி'. இருமுறையும் பிழையைச் சுட்டியவர்கள், அம்மொழிகளை வாழ்வில் புழங்கியவர்களே.

கயிறு பிடித்தோர்

1552 ஜனவரியில் கொச்சி திரும்பிய சேவியர், தம் தலைமுடி நரைத்துவிட்டதை அங்கிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவ்வாண்டு டிசம்பர் 3 அன்று சீனக் கரையை அடுத்த சாங்சுவான் தீவில் காலமானார். வரலாறு அவர் பெயரை மட்டுமே பெரிதும் பேசுகிறது. உடன்நடந்தவர்களின் வாழ்வோ அதற்குக் குறைந்ததன்று.

வறுத்த அரிசி சுமந்த பெர்னார்தோ, சேவியரோடு இந்தியா வந்து, 1553இல் போர்ச்சுக்கல் அடைந்தார். ஐரோப்பிய மண்ணில் கால்வைத்த முதல் ஜப்பானியர் என அறியப்படுபவர் அவரே. உரோம் நகரையும் கண்டபின் 1557இல் கொயிம்பிரா நகரில் மறைந்தார்.

யுவான் பெர்னாண்டஸ் ஜப்பானைவிட்டு நீங்கவே இல்லை. தெருமுனையில் ஏட்டைப் பார்த்துப் படித்தவர், அம்மொழியில் தேர்ந்து, அதன் இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் தொகுத்தார். 1567இல் கிராதோவில் காலமானார்.

முத்துக்கரையில் சேவியர் விட்டுச்சென்ற பணியை ஏற்றவர் என்றிக்கே என்றிக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார். மனப்பாடத்தோடு நில்லாமல், தமிழின் வினைத்திரிபுகளையும் வேற்றுமைகளையும் ஆராய்ந்து, போர்ச்சுக்கீசிய மொழியில் 'மலபார் மொழி இலக்கணம்' எழுதினார். அந்த 'மலபார் மொழி' தமிழே. 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே கொண்டது. இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூலாக அது போற்றப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இக்கரை ஊர்களில் வாழ்ந்த அவர், 1600ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.