வீட்டுக் காற்றின் தூசியை அளக்கும் சிறு கருவி

ஓட்டு வீட்டின் கூரை இடுக்கு வழியே வெயில் ஒரு கோடாக உள்ளே விழும்போது, அந்த ஒளியில் தூசி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒளி படாத இடத்திலும் அதே தூசி உண்டு, கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டில் வைக்கும் மலிவான தூசி அளவிகள் இந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன. விறகடுப்பும் நெற்களமும் உள்ள உழவர் குடும்பங்கள், இக்கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அறிந்திருப்பது நலம்.

தீங்கான துகள்கள்

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் மூச்சுடன் நுரையீரலின் ஆழம் வரை செல்லும். விறகு, வரட்டி, வைக்கோல் எரியும் புகையில் இவையே மிகுதி. ஒரு கன மீட்டர் காற்றில் இவற்றின் 24 மணி நேரச் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என 2009-ஆம் ஆண்டு இந்தியாவில் வரையறுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த அளவு 15 மைக்ரோகிராம்.

இயங்கும் விதம்

கருவியிலுள்ள சிறு விசிறி காற்றை உள்ளே இழுக்கிறது. இருண்ட அறையில் அக்காற்றின் குறுக்கே லேசர் ஒளி பாய்கிறது. துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியை ஓர் உணர்வான் மின்சாரமாக மாற்றுகிறது. அதைக் கொண்டு துகள்களின் எண்ணிக்கையும் பருமனும், பிறகு எடையும் கணிக்கப்படுகின்றன.

கருவி எடை போடுவதில்லை, கணிக்கிறது. ஒரு மரக்கால் நெல்லும் ஒரு மரக்கால் பதரும் எடையில் ஒன்றல்ல. அதுபோலவே புகையும் மண் தூசியும் ஒன்றல்ல. ஆகவே கருவி காட்டும் எண் தோராயமானதே.

தவறும் இடங்கள்

1. பனிக்காலக் காலை வேளையில் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். கருவி உள்ளதைவிட மிகுதியாகக் காட்டும். கொதிக்கும் பானையின் ஆவியும் கணக்கைக் கெடுக்கும்.

2. களத்துப் புழுதி போன்ற பெருந்துகள்களைக் குறைத்தே காட்டும். எண் குறைவு என்று நம்பி, முகக் கவசமின்றி நெல் தூற்றுவதோ, பூஞ்சணம் பிடித்த வைக்கோலை உதறுவதோ கூடாது.

3. புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைத் துகள் அளவி அறியாது. மூடிய அறையில் கரி மூட்டினால், எண் குறைவாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்து உண்டு.

பயன்படுத்தும் முறை

கருவியை அடுப்புக்கு நேர் மேலே வைக்காமல், சமைப்பவர் மூச்சு விடும் உயரத்தில் சற்றுத் தள்ளி வைக்கவும். அடுப்பு மூட்டும் முன்பும், சமைக்கும்போதும், அணைத்து அரை மணி கழித்தும் எண்ணைக் குறித்துக்கொள்ளவும். மறுநாள் சன்னலைத் திறந்து வைத்தும், அதற்கடுத்த நாள் நன்கு உலர்ந்த விறகை எரித்தும் இவ்வாறே குறித்து ஒப்பிடவும். ஒரே கருவி, ஒரே இடம், ஒரே நேரம் என்று அமைந்தால் எந்த மாற்றம் பயன் தந்தது என்பது விளங்கும். உள்ளே தூசி படிந்தால் அளவு பிசகும். காற்றுத் துளைகளை அவ்வப்போது மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும்.

கருவி புகையைக் குறைப்பதில்லை. புகைபோக்கியும், திறந்த சன்னலும், காய்ந்த விறகுமே குறைக்கும். அவை எந்த அளவு பயன் தருகின்றன என்று காட்டுவதே கருவியின் வேலை.