மதில் சுவருக்கும் மூச்சு உண்டு!

கும்பாபிஷேகப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது உபயதாரர் பட்டியலைத்தானே! 'நம் பங்குக்குப் பத்து மூட்டை சிமெண்ட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மனநிறைவு அடைகிறோம். சகோதரிகளே, பழைமையான கற்கோயிலுக்கு அந்த சிமெண்ட் நன்மை செய்யுமா என்று யோசித்தது உண்டா?

போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில், ஏலமலை அடிவாரத்தில் இருக்கிறது சிலமலை. இதுபோன்ற ஊர்களில் உள்ள பழைய கல் மதில்கள் மழையில் ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் வெளியே விடும். அந்த ஈரம் வெளியேறும் வழிதான், கற்களுக்கு இடையே உள்ள சுண்ணாம்புக் காரை. இதுவே சுவரின் மூச்சு!

அந்தச் சந்துகளை சிமெண்டால் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அதில் கரைந்துள்ள உப்பு கல்லின் மேல் பக்கம் சேர்ந்து, கல்லே பொரிந்து உதிரத் தொடங்கும். காரை உதிர்ந்தால் மறுபடி பூசலாம். முன்னோர் செதுக்கி வைத்த கல் உதிர்ந்தால்..?

சுண்ணாம்புக்கு அவ்வளவு பலம் உண்டா?

கம்பம் பள்ளத்தாக்கை வாழவைக்கும் முல்லைப் பெரியாறு அணையே இதற்குச் சாட்சி! பென்னிகுக் தலைமையில் 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த அந்த அணையின் கற்களை இணைத்தது, சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் தூளும் கலந்த சாந்துதான். பின்னாளில் கான்கிரீட்டால் பலப்படுத்தினார்கள் என்றாலும், உள்ளே இருப்பது அன்றைய சுண்ணாம்புக் கட்டுமானமே.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டு, தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்திருப்பீர்கள். இப்படி நீற்றிய சுண்ணாம்பு, காற்றில் உள்ள கரியமில வாயுவை ஏற்று, மெள்ள மெள்ள மறுபடியும் கல்லாகிறது. அதனால்தான் அவசரம் கூடாது.

எப்படிச் செய்ய வேண்டும்?

* உதிர்ந்த காரையை உளியால், கையாலேயே சுரண்ட வேண்டும். மெஷின் வைத்தால் கல்லின் ஓரம் உடையும். சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் எடுப்பது நல்லது.

* தூசியைக் கழுவி, சுவரை நனைக்க வேண்டும்.

* சில வாரங்கள் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு சேர்த்து நன்றாக அரைக்க வேண்டும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் வழக்கம்.

* ஆழமான சந்துகளில் ஒரே தடவையாக அடைக்காமல், அடுக்கடுக்காக அழுத்த வேண்டும். பிறகு ஈரச் சாக்கு போர்த்தி, ஒரு வாரமாவது வெயில் படாமல் காக்க வேண்டும்.

ஒரு விஷயம்... பெரிய கருங்கற்களைச் சாந்தே இல்லாமல் பொருத்திய இடங்களில் எதையும் அடைக்கக் கூடாது. அறநிலையத் துறைக் கோயில் என்றால், துறையின் அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

மரபு அறிந்த கலைஞர்களையும் இன்றைய தொழில்நுட்பத்தையும் இணைத்து நடந்த திருப்பணிக்காக, கும்பகோணம் அருகில் உள்ள துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயிலுக்கு 2024-ம் ஆண்டுக்கான யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது கிடைத்திருக்கிறது. பொறுமையாகச் செய்த தொண்டுக்குக் கிடைத்த பெருமை இது!

அடுத்த முறை உங்கள் குலதெய்வக் கோயிலில் திருப்பணி என்றால், கமிட்டியாரிடம் பணிவாகக் கேளுங்கள்: 'மதிலுக்கு என்ன சாந்து பூசப்போகிறீர்கள்?' சுண்ணாம்பு என்றால், கடுக்காயும் வெல்லமும் உங்கள் உபயமாக இருக்கட்டும். நம் அடுக்களைப் பொருளும் ஆண்டவன் சந்நிதி மதிலில் நிலைத்திருக்கும்!