கனடா பிஆர் அப்ளை பண்ணியாச்சு… அடுத்த ஆறு மாசம் உங்க பணத்தை என்ன பண்ணணும்?

எக்ஸ்பிரஸ் என்ட்ரியில ஸ்கோர் எப்படி ஏத்தறது, ஐஇஎல்டிஎஸ் எப்படி எழுதறதுன்னு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. அழைப்பு வந்து, 60 நாளுக்குள்ள எல்லா டாக்குமெண்டும் அப்லோட் பண்ணி, ஃபீஸும் கட்டின பிறகு என்ன பண்ணணும்னு சொல்றவங்க குறைவு. நிறைய பேருக்கு சப்மிட் பட்டனை அமுக்கினதுமே மனசு டொரண்டோ போயிடுது. பணம் சிக்கலாகிறது அங்கதான்.

ஒரு கிளையன்ட் கதையோட ஆரம்பிக்கிறேன். சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை, வயசு 31, கல்யாணம் ஆனவர். ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவுல அப்ளை பண்ணியிருந்தார். செட்டில்மெண்ட் ஃபண்டுக்காக சேவிங்ஸ் அக்கவுண்ட், எஃப்டி ரெண்டும் சேர்த்து கிட்டத்தட்ட 13 லட்சம் காட்டியிருந்தார். அப்ளிகேஷன் கிடைச்சதுன்னு ஏஓஆர் லெட்டர் வந்தது. "இனி பேங்க் பேலன்ஸை யார் பார்க்கப் போறாங்க"ன்னு தங்கச்சி கல்யாணத்துக்கு 5 லட்சம் எஃப்டியை உடைச்சிட்டார். ரெண்டு மாசத்துல திருப்பிப் போட்டுடலாம்னு கணக்கு.

நாலாவது மாசம் ஆபீசர்கிட்ட இருந்து மெசேஜ்: புது பேங்க் லெட்டர் அனுப்புங்க. மனுஷன் அவசரமா மச்சான்கிட்ட 5 லட்சம் கைமாத்து வாங்கிப் போட்டு லெட்டர் வாங்கினார். என்கிட்ட வந்தது அதுக்கு அப்புறம்தான். அந்த லெட்டர்ல அன்னைக்கு இருக்கிற பேலன்ஸ் மட்டும் இருக்காது. அக்கவுண்ட் எப்போ திறந்தது, கடந்த 6 மாச சராசரி பேலன்ஸ் எவ்வளவு, கிரெடிட் கார்டு, லோன் பாக்கி எவ்வளவு, எல்லாம் இருக்கணும். சராசரி கீழே, கடைசி வாரத்துல திடீர்னு 5 லட்சம். கடன் வாங்கின பணத்தைக் காட்டக் கூடாதுன்னு விதியே இருக்கு. ரிஜெக்ட் ஆயிடுச்சு.

அப்போ ஆளுக்கு 950 கனடா டாலர் புராசஸிங் ஃபீஸ், ரெண்டு பேருக்கு 1,900. டாலர் 65 ரூபாய்னு வச்சா 1,23,500 ரூபாய் போச்சு. ஆளுக்கு 575 டாலர் கட்டின பிஆர் உரிமைக் கட்டணம் மட்டும் திரும்ப வந்தது. பணத்தைவிட வலிச்சது வேற. 29 தாண்டினா வருஷா வருஷம் வயசுக்கான மார்க் குறையும். மறுபடி புரொஃபைல் போடும்போது அவருக்கு 32. முன்னாடி கிடைச்ச 90 இப்போ 85.

அதனால முதல் விஷயம்: செட்டில்மெண்ட் ஃபண்ட் அப்ளை பண்ற அன்னைக்கு மட்டும் இருந்தா போதாது, விசா கொடுக்கிற அன்னைக்கும் இருக்கணும். (கனடாவுலயே வேலை பார்த்து சிஇசி பிரிவுல போடறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம்ம ஊர்ல இருந்து ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர்ல போடறவங்களுக்குத்தான் சொல்றேன்.) 2025 ஜூலையில மாத்தின கணக்குப்படி தனி ஆளுக்கு 15,263 கனடா டாலர், ரெண்டு பேருக்கு 19,001, மூணு பேருக்கு 23,360, நாலு பேருக்கு 28,362. இது வருஷத்துக்கு ஒரு தடவை மாறும்.

இதுல ஒளிஞ்சிருக்கிற ஆபத்து ரூபாய் மதிப்பு. கனடா கேக்கறது டாலர் கணக்கு, நீங்க வச்சிருக்கிறது ரூபாய். 19,001 டாலர், 62 ரூபாய் ரேட்ல சுமார் 11.78 லட்சம். அதுவே 66 ஆனா 12.54 லட்சம். ஒரு ரூபாய்கூட செலவு பண்ணாமலே 76,000 ரூபாய் குறையும். அதனால தேவைக்கு மேல 15 சதவீதமாவது வைங்க. ஷேர், ஈக்விட்டி ஃபண்ட்ல வைக்காதீங்க, மார்க்கெட் விழுந்தா சராசரியும் விழும். எப்ப வேணா உடைக்கக்கூடிய எஃப்டியும் சேவிங்ஸும் போதும். பிஎஃப் பணத்தை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க, வேலையில இருக்கும்போது அது உங்க கையில இல்ல. வீட்டு மதிப்பும் செல்லாது.

இன்னொண்ணு. ஏஜெண்ட் கேட்டாருன்னு சிஏ கிட்ட நெட்வொர்த் சர்டிபிகேட் வாங்க வர்றாங்க. எங்களுக்கு ஃபீஸ் வர்ற வேலைதான், இருந்தாலும் சொல்றேன்: இந்த ஃபண்டுக்கு கனடா கேக்கறது பேங்க் லெட்டர், என் சீல் இல்ல.

சரி, வேலையை எப்போ விடறது? இதுல தேதிக் கணக்கு முக்கியம். 2025 ஆகஸ்ட் 21-ல இருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு மெடிக்கல் டெஸ்ட்டை அப்ளை பண்றதுக்கு முன்னாடியே முடிக்கணும். மெடிக்கல் 12 மாசம்தான் செல்லும். கடைசியில கைக்கு வர்ற சிஓபிஆர் பேப்பர்ல ஒரு கடைசி தேதி இருக்கும். பொதுவா மெடிக்கல், பாஸ்போர்ட் ரெண்டுல எது முதல்ல முடியுதோ அந்தத் தேதி. அதுக்குள்ள நீங்க லேண்ட் ஆகணும், நீட்டிக்க மாட்டாங்க. புராசஸிங் ஆறு மாசம்னு வச்சுக்கிட்டா, பேப்பர் வரும்போது மெடிக்கல்ல மிச்சம் ஆறு மாசம்கூட இருக்காது. அதுல உங்க கம்பெனி நோட்டீஸ் பீரியட் 90 நாள்!

இதைப் பார்த்துப் பயந்து சில பேர் ஏஓஆர் வந்ததுமே ராஜினாமா போட்டுடறாங்க. வேண்டாம். பாஸ்போர்ட் கேட்டு பிபிஆர் வர்ற வரைக்கும் இது வெறும் விண்ணப்பம்தான். சம்பளம் நின்னா முதல்ல கை வைக்கறது அந்த செட்டில்மெண்ட் ஃபண்ட்லதான். அதுக்குப் பதிலா நோட்டீஸை பை-அவுட் பண்ண முடியுமான்னு ஆஃபர் லெட்டரை எடுத்துப் படிச்சு வைங்க. வாடகை அக்ரிமெண்ட் எத்தனை மாச நோட்டீஸ்னும் பாருங்க. புது கார் லோன், ஃப்ளாட் புக்கிங், புது பிபிஎஃப் எல்லாம் நிறுத்தி வைங்க. ஓடிட்டிருக்கிற டெர்ம் இன்ஷூரன்ஸை மட்டும் கேன்சல் பண்ணாதீங்க.

காத்திருக்கிற சமயத்துல கல்யாணம் ஆனாலோ குழந்தை பிறந்தாலோ கட்டாயம் தெரிவிக்கணும். "சொன்னா லேட் ஆகும், போயிட்டு ஸ்பான்சர் பண்ணிக்கலாம்"னு அட்வைஸ் பண்றவங்க இருக்காங்க. மறைச்ச மனைவியையோ குழந்தையையோ பின்னாடி ஃபேமிலி கிளாஸ்ல ஸ்பான்சர் பண்றதுக்கு கனடா சட்டமே தடை போடுது. ரெண்டு மாச தாமதத்துக்குப் பயந்து செய்யற காரியமா இது? ஆள் கூடினா ஃபண்ட் தொகையும் கூடும், அதையும் சேர்த்துப் பாருங்க.

பேப்பர் வந்தாச்சுன்னா பணம் அனுப்பற வேலை. எல்ஆர்எஸ்ல ஒரு நிதியாண்டுல ஒருத்தர் 10 லட்சம் வரைக்கும் அனுப்பினா டிசிஎஸ் இல்ல. அதுக்கு மேல போற தொகைக்கு 20 சதவீதம் பேங்க்ல பிடிப்பாங்க. 19,001 டாலரை, 65 ரூபாய் ரேட்ல, கணவர் ஒருத்தர் அக்கவுண்ட்ல இருந்தே அனுப்பினா 12,35,065 ரூபாய், டிசிஎஸ் 47,013. ரிட்டர்ன்ல கிரெடிட் கிடைக்கும்தான், ஆனா புது ஊர்ல முதல் மாசம் வாடகை கட்டும்போது அந்தப் பணம் இங்க மாட்டிக்கிட்டு இருக்கும். மனைவிக்கு சொந்தப் பணம் இருந்தா அவங்க பான்ல பாதி அனுப்புங்க. இல்லைன்னா மார்ச்ல கொஞ்சம், ஏப்ரல்ல மிச்சம்.

போய்ச் சேர்ந்ததும் சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்ஆர்ஓவா மாத்தணும், ஃபெமா சட்டப்படி அது உங்க பொறுப்பு. பழைய பிபிஎஃப் 15 வருஷம் முடியற வரைக்கும் ஓடலாம், நீட்டிக்க முடியாது. அந்த வட்டிக்கு இங்க வரி இல்ல, ஆனா கனடாவுல குடியிருக்கறவங்களுக்கு உலகத்துல எங்க வருமானம் வந்தாலும் அங்க வரி உண்டு.

கடைசியா, ஒருத்தரும் சொல்லாத ஒரு வேலை. கனடாவுல வரிக் கணக்குப்படி நீங்க ரெசிடெண்ட் ஆகிற அன்னைக்கு, உங்க இந்திய மியூச்சுவல் ஃபண்ட், ஷேர் எல்லாத்தையும் அன்னைக்கு மார்க்கெட் விலைக்கு வாங்கினதா அங்க எடுத்துப்பாங்க. 2018-ல 20 ரூபாய்க்கு வாங்கின யூனிட் லேண்டிங் அன்னைக்கு 55 ரூபாய்னா, கனடாவைப் பொறுத்தவரை உங்க அடக்க விலை 55. அதுக்கு மேல வர்ற லாபத்துக்குத்தான் அங்க வரி. அந்த விலைகளோட மொத்தம் 1 லட்சம் கனடா டாலரைத் தாண்டினா டி1135 படிவமும் தாக்கல் பண்ணணும், முதல் வருஷம் மட்டும் விலக்கு. அதனால ஏர்போர்ட்ல இருந்து ரூமுக்கு வந்ததும், தூங்கறதுக்கு முன்னாடி சிஏஎஸ் ஸ்டேட்மெண்ட்டும் டீமேட் ஹோல்டிங்ஸும் அந்தத் தேதி போட்டு டவுன்லோட் பண்ணி, உங்களுக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்பி வைங்க.