சொந்த மனையை பில்டருக்குக் கொடுக்கப் போறீங்களா? சதவீதம் பேசும் முன்னாடி பிளானைப் பாருங்க



குரோம்பேட்டை, சேலையூர், மடிப்பாக்கம், நங்கநல்லூர்னு சென்னைப் புறநகரில் எந்தத் தெருவுக்குப் போனாலும், பழைய தனி வீட்டை இடிச்சிட்டு அதே மனையில் ஐந்தாறு ஃபிளாட் கட்டுவதைப் பார்க்கலாம். நிலம் ஓனருடையது, கட்டுமானச் செலவு பில்டருடையது, முடிந்ததும் ஃபிளாட்டுகளைப் பிரித்துக்கொள்வார்கள். இதுதான் ஜாயின்ட் டெவலப்மென்ட்.

இதில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "50:50 நியாயமா சார்?" என்பதுதான். என் பதில்: சதவீதம் ரெண்டாவது. அந்த 50% எத்தனை வீடாக, எந்த அமைப்பில் வருது என்பதுதான் முதல் கேள்வி. ஏன்னா உங்க வரி, வாடகை, பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கிறது எல்லாமே அந்த பிளானில்தான் முடிவாகுது. ஒரு கிரவுண்டு மனையை வச்சு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. எவ்வளவு கட்டலாம்?

ஒரு கிரவுண்டு = 2,400 சதுர அடி. தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-இன்படி, உயரமான கட்டடம் அல்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ 2. அதாவது மனை அளவில் ரெண்டு மடங்கு, 4,800 சதுர அடி வரை கட்டலாம். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி, மாடிக்கு 1,600 சதுர அடின்னு வச்சுக்கலாம்.

இந்த 2 என்பது உச்சவரம்பு மட்டும்தான். தெரு அகலம், சுற்றி விட வேண்டிய காலியிடம், உயரம் எல்லாம் பார்த்தால் உங்க மனையில் அதைவிடக் குறையலாம். அதோட மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாம் இந்த 4,800-க்குள்தான் பெரும்பாலும் வரும். அதனால பில்டர் "உங்களுக்கு 2,400 சதுர அடி" என்று சொன்னால், "கார்ப்பெட் ஏரியா எவ்வளவு?"ன்னு உடனே கேளுங்க. நீங்க நடமாடப் போறது அதில்தான்.

2. ரெண்டு பிளான், ரெண்டு வரி

பிளான் 1: மாடிக்கு 2 வீடு, மொத்தம் 6 வீடு. உங்களுக்கு 800 சதுர அடியில் 3 வீடு.

பிளான் 2: ஒரு மாடி முழுக்க 1,600 சதுர அடியில் ஒரே வீடு, இன்னொரு மாடியில் 800 சதுர அடியில் ஒரு வீடு. உங்களுக்கு மொத்தம் 2 வீடு.

ரெண்டிலும் உங்க பங்கு அதே 2,400 சதுர அடிதான். இப்போ வரியைப் பார்ப்போம். 1961 வருமான வரிச் சட்டத்தின் 45(5ஏ) பிரிவுப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும் மூலதன ஆதாய வரி, நிறைவுச் சான்றிதழ் கிடைக்கும் ஆண்டில்தான் வரும். (2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறும்.) அன்றைய தேதியில் உங்க பங்கின் முத்திரைத்தாள் மதிப்பும், பில்டர் தரும் ரொக்கமும் சேர்ந்ததுதான் விற்பனை விலை.

ஒரு உதாரணம்:
- உங்க பங்கின் மதிப்பு: ₹1.50 கோடி
- ரொக்கம்: ₹30 லட்சம்
- பில்டருக்குப் போகும் பாதி நிலத்தின் 2001 மதிப்பு: ₹3 லட்சம்
- ஆதாயம்: ₹1.77 கோடி

பழைய வீட்டைக் கொடுத்து புது வீடு வாங்கினால் பிரிவு 54 விலக்கு உண்டு. பொதுவாக ஒரு வீட்டுக்குத்தான். ஆதாயம் ₹2 கோடிக்குள் இருந்தால், வாழ்நாளில் ஒரு முறை மட்டும் ரெண்டு வீட்டுக்குக் கேட்கலாம். மூணாவது வீட்டுக்குக் கிடையாது.

பிளான் 1-இல் ரெண்டு வீட்டுக்கு ₹1 கோடி விலக்கு. மிச்சம் ₹77 லட்சத்துக்கு 12.5% வரி = ₹9,62,500.

பிளான் 2-இல் ₹1.50 கோடி முழுக்க விலக்கு. மிச்சம் ₹27 லட்சத்துக்கு 12.5% = ₹3,37,500.

வித்தியாசம் ₹6.25 லட்சம்! (சர்சார்ஜ், செஸ் சேர்க்கலை. 23.7.2024-க்கு முன் வாங்கிய சொத்துக்கு இண்டெக்சேஷனோடு 20% என்ற வழியையும் ஒப்பிட்டுப் பாருங்க. இந்த எண்களுக்கு 12.5% தான் குறைவு.)

3. அப்போ பிளான் 2 தான் நல்லதா?

அவசரப்படாதீங்க. 800 சதுர அடி வீடு ₹18,000 வாடகைக்கும், 1,600 சதுர அடி வீடு ₹28,000-க்கும் போகுதுன்னு வச்சுக்கோங்க. ரெண்டு சின்ன வீடு ₹36,000 தரும். மாசம் ₹8,000, வருஷம் ₹96,000 அதிகம். வரியில் போன ₹6.25 லட்சம் ஆறரை வருஷத்தில் வாடகையாகவே திரும்பிடும். மூணு பிள்ளைகள் இருந்தால் மூணு வீடாகப் பிரிக்கிறதும் சுலபம். அதே சமயம் பெற்றோரோடு நீங்களே குடியிருக்கப் போறீங்கன்னா பெரிய வீடுதான் வசதி.

இன்னொரு விஷயம். ஆறு வீடு வந்தால் ஆறு கார் நிற்கணும். ஒரு காருக்கு 2.5 மீட்டர் × 5 மீட்டர் இடம் வேணும். தூண், லிஃப்ட், படிக்கட்டு போக ஸ்டில்ட்டில் அத்தனை கார் நிற்குமா, திரும்புமான்னு வரைபடத்தில் பாருங்க. இல்லைன்னா கார் தெருவில்தான் நிற்கும், சண்டையும் அங்கேதான் நடக்கும். பாதாளச் சாக்கடை வராத ஏரியான்னா, செப்டிக் டேங்க் அளவை வீட்டு எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி கேளுங்க. சின்னதாகக் கட்டினால் மாசாமாசம் லாரிக்குக் காசு கொடுக்கணும்.

4. ரெரா காப்பாத்துமா?

பலருக்குத் தெரியாத இடம் இது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்துக்கோ, 8 வீட்டுக்கு மிகாத திட்டத்துக்கோ ரெரா பதிவு கட்டாயம் இல்லை. ஒரு கிரவுண்டு வெறும் 223 சதுர மீட்டர். அதனால உங்களுக்கு முதல் பாதுகாப்பு அந்த ஒப்பந்தம்தான். அதில் இவை கண்டிப்பா இருக்கணும்:

- அனுமதி பெற்ற வரைபடமும், அதில் உங்க வீடுகளுக்கும் பார்க்கிங்குக்கும் எண்ணும்
- ஒவ்வொரு வீட்டுக்கும் கார்ப்பெட் ஏரியாவும் யூடிஎஸ்-ஸும். 6 சம வீடு என்றால் வீட்டுக்கு 400 சதுர அடி நிலம்
- பவர் பத்திரம் பில்டர் பங்குக்கு மட்டும்
- முடிக்கும் தேதி, தாமதத்துக்கு மாத வாடகை இழப்பீடு
- நிறைவுச் சான்றிதழ் வாங்கித் தரும் பொறுப்பு யாருடையது

தேதி ஏன் முக்கியம்னா, பிரிவு 54-இல் புது வீடு கட்ட 3 வருஷம்தான். வேலை இழுத்தால் விலக்கே சிக்கலாகும். சான்றிதழ் வரும் முன்பே உங்க பங்கை விற்றால் 45(5ஏ) சலுகை போயிடும். விலக்கு வாங்கிய வீட்டை அப்புறம் 3 வருஷத்துக்குள்ள விற்கவும் கூடாது. சின்னக் கட்டடங்களில் சில வகைகளுக்கு நிறைவுச் சான்றிதழே தேவைப்படாது. அப்போ எந்த ஆண்டில் வரி கட்டுவதுன்னு முன்கூட்டியே ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கோங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை. ரொக்கத்தில் பில்டர் 10% டிடிஎஸ் பிடிப்பார். உதாரணத்தில் ₹3 லட்சம். பிளான் 1-இல் மீதி ₹6.6 லட்சத்தை நீங்கதான் கட்டணும். அந்த வருஷம் கையில் வீடு இருக்கும், காசு இருக்காது! வாங்கின ரொக்கத்தில் வரிப் பணத்தை முதல் நாளே தனி எஃப்டி-யாகப் போட்டு வைங்க.

கையெழுத்துக்கு முன் பில்டரிடம் ரெண்டு பிளான் வரைஞ்சு கேளுங்க. ரெண்டுக்கும் வரி, வாடகை, யூடிஎஸ் மூணையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்க. அதுக்கப்புறம் சதவீதம் பேசலாம்.

(இது பொதுவான விளக்கம்தான். உங்க பத்திரம், உங்க எண்களோட ஆடிட்டரையும் வக்கீலையும் பார்த்துட்டு முடிவு எடுங்க.)