வீட்டில் ஒருவர் கைதானால்…

முதலில் எந்தக் காவல் நிலையம், எந்தச் சட்டப்பிரிவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்வது போலீஸின் கடமை. பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும்.

ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் உண்டு. அது உரிமை, சலுகையல்ல. ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் கடந்துவிட்டால், வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பிணையிலேயே விட வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் அமலான புதிய சட்டம். மற்ற குற்றங்களில் நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

பெரிய ஊர் வக்கீலைத் தேடி அலைய வேண்டாம். அந்த ஸ்டேஷன் வழக்குகள் போகும் கோர்ட்டில் தினமும் ஆஜராகிறவரே அவசரத்துக்கு உதவுவார். பணமில்லையா? காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு, 15100-ஐ அழையுங்கள்.