தங்கம் தேடியவர்களைக் காத்த கீரை



தங்கம் தேடிப் போன இடத்தில், ஒரு பிடி கீரை சாப்பிடாததால் உயிரை விட்டவர்கள் உண்டு. நம்ப முடிகிறதா? இந்த மாதம் அதைப் படிப்போம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியாவில் 1848 ஜனவரியில் தங்கம் கிடைத்தது. அடுத்த வருடமே கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து குவிந்தார்கள். மாவு, உப்புக்கண்டம், காய்ந்த பயறு, இவைதான் அவர்கள் சாப்பாடு. பச்சைக் காய்கறி கிடையாது. மாதக்கணக்கில் இப்படியே போனதால் ஸ்கர்வி என்ற நோய் வந்தது. ஈறு வீங்கி ரத்தம் வடியும், பல் ஆடும், ஆறின புண்ணும் திரும்பத் திறக்கும். காரணம், வைட்டமின் சி குறைவு.

மருந்து காலடியிலேயே இருந்தது!

கடலோர மேட்டிலும், மரநிழல் விழும் சரிவிலும் குளிர்கால மழைக்குத் தானாக முளைக்கும் செடி அது. வட்டமான இலையின் நடுவைத் துளைத்துக்கொண்டு தண்டு வரும். அதன் நுனியில் சின்ன வெள்ளைப் பூக்கள். வெயில் ஏறினால் விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துவிடும். முன்பு இதை நம்ம பருப்புக்கீரையின் குடும்பத்திலேயே சேர்த்திருந்தார்கள். அந்த மண்ணின் பழங்குடி மக்கள் காலங்காலமாகச் சாப்பிட்ட கீரை. தங்கம் தேடி வந்தவர்களும் அதைப் பச்சையாகவே தின்று தேறினார்கள். அதனால் 'சுரங்கக்காரர் கீரை' என்றே பெயர் வந்தது. ஆனால் அந்தப் பழங்குடிகளோ, வந்த கூட்டத்தால் நிலத்தையும் உயிரையும் இழந்தார்கள். இதையும் நாம் மறக்கக் கூடாது.

நமக்கு என்ன பாடம்?

நம்மில் பலருக்கு ரத்தசோகை. கீரையில் இரும்புச்சத்து இருந்தாலும், அது உடம்பில் நன்றாகச் சேர வைட்டமின் சி வேண்டும். அது சூட்டில் அழியும், தண்ணீரில் கரையும். ஆகவே:

• கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள்.
• கொஞ்சம் தண்ணீரில் வேகவையுங்கள், வடித்துக் கொட்டாதீர்கள்.
• இறக்கிய பின் எலுமிச்சை பிழியுங்கள். நெல்லிக்காயும் நல்லது.
• சாப்பிட்டவுடன் டீ வேண்டாம்.
• மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தெரியாத செடியைப் பறிக்க வேண்டாம். சாக்கடை ஓரம், மருந்து அடித்த வயல், இரண்டும் ஆகாது.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம்ம ஊரில் தானாக முளைக்கும் கீரைகள் எத்தனை?
2. அவற்றை அடையாளம் காட்டத் தெரிந்த பாட்டிமார் யார்? அடுத்த கூட்டத்துக்கு அவர்களை அழைப்போமா?