ஜூலையில் ஸ்வெட்டர், ஜனவரியில் பட்டாம்பூச்சி

சான் ஹோசேயிலும் ஃப்ரீமாண்டிலும் பிள்ளைகள் வேலை பார்க்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு அமெரிக்கப் பயணம் மே, ஜூன் மாதங்களில்தான் அமைகிறது. காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள மாண்டரே அவர்கள் பார்க்கும் ஊர்களில் அநேகமாக இடம்பெறும். கலிஃபோர்னியா, கோடை, கடற்கரை என்று மூன்றும் ஒன்றாகக் காதில் விழுந்ததும் பையில் பருத்திச் சட்டையும் ரப்பர் செருப்பும் போதும் என்று தோன்றிவிடுகிறது. காலை பத்து மணிக்கு அங்கே கடலோரத்தில் உள்ள கேனரி ரோ தெருவில் இறங்கினால் எதிரே கடல் தெரியாது. வெள்ளை மூட்டம்தான் தெரியும். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்தத் தெருவின் நினைவுப்பொருள் கடைகளில் ஊர்ப்பெயர் அச்சிட்ட ஸ்வெட்ஷர்ட் கோடையிலும் தொங்குவதற்குக் காரணம் உண்டு.

நம்பிக்கை: கலிஃபோர்னியாக் கடற்கரையில் கோடை என்றால் வெயில் கொளுத்தும்.

மாண்டரேயில் ஜூலை மாதத்தின் சராசரி உச்ச வெப்பம் சுமார் 20 டிகிரி செல்சியஸ். இரவில் 12 வரை இறங்கும். மே மாதக் கொடைக்கானலைக் கடலோரத்தில் கொண்டுவந்து வைத்தது போன்ற குளிர். சினிமாவில் பார்த்துப் பழகிய வெயில் கடற்கரைகள் தெற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கின்றன.

இந்தக் குளிர் வருவது கடலின் ஆழத்திலிருந்து. வசந்தம் தொடங்கிக் கோடை முழுக்க வடமேற்குக் காற்று கரையை ஒட்டி வீசுகிறது. அந்தக் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. ஈரக்காற்று அந்தக் குளிர்நீரின் மேல் கடந்து வரும்போது மூட்டமாகத் திரள்கிறது. அதே நேரம் உள்ளே சலினாஸ் பள்ளத்தாக்கு வெயிலில் காய்கிறது. அங்கே சூடான காற்று மேலெழுவதால் கடற்காற்று உள்நோக்கி இழுபட, மூட்டமும் கூடவே கரையேறுகிறது. உள்நாட்டில் ஏறும் வெயில்தான் கரைக்கு மூட்டத்தை வரவழைக்கிறது. கோடையில் குளிர் இருப்பது வானிலையின் கோளாறு அல்ல, அந்த ஊரின் இயல்பே அதுதான். பக்கத்து ஊரான காஸ்ட்ரோவில்லில் ஆர்ட்டிசோக் என்ற காய் செழிப்பதும், மாண்டரே விரிகுடாவுக்குத் திமிங்கிலங்கள் இரைதேடி வருவதும் இந்தக் குளிர்நீரின் தயவால்தான். ஆழத்துச் சத்து மேலே வருவதால் நுண்ணுயிர்களும் இறால் போன்ற சிற்றுயிரான கிரில்லும் பெருகுகின்றன. அவற்றைத் தின்னத் திமிங்கிலம் வருகிறது.

ஆகவே ஜூன், ஜூலையில் போகிறவர்கள் மெல்லிய சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்வதே சரி. கனத்த ஒற்றைக் கோட்டு உதவாது. பல நாட்களில் மதியம் மூட்டம் விலகிப் பளிச்சென்று வெயில் அடிக்கும். நான்கு மணிக்குக் காற்று எழும்பும். ஆறு மணிக்கு மீண்டும் மூட்டம். ஒரே பகலில் மூன்று முறை உடுப்பைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். புடவை கட்டும் அம்மாக்களுக்கு சாக்ஸும் மூடிய ஷூவும் அவசியம். காதுக்கு மப்ளர் எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். திமிங்கிலம் பார்க்கப் படகில் ஏறுகிறவர்களுக்கு இவை எல்லாமே வேண்டும். திறந்த கடலில் மூன்று நான்கு மணி நேரம் காற்றில் நிற்க வேண்டிய பயணம் அது.

நம்பிக்கை: ஜூலைதான் இதமான மாதம், செப்டம்பரில் குளிர் வந்துவிடும்.

நேர்மாறு. ஆண்டின் இதமான வெயில் செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும்தான். வடமேற்குக் காற்று தணிந்து மூட்டம் குறைகிற காலம் அது. 1958 முதல் நடக்கும் மாண்டரே ஜாஸ் விழாவும் செப்டம்பரில்தான். விடுமுறையைத் தள்ளிப்போட முடிகிறவர்கள் தாராளமாகத் தள்ளிப்போடலாம்.

நம்பிக்கை: ஊர் இதமானது, கடலும் இதமாகத்தான் இருக்கும்.

கடல்நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிக்குள்தான். மெரினாவில் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு முதல் அலையிலேயே கணுக்கால் மரத்துப்போகும். இங்கே முக்குளிப்பவர்கள் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் உடை அணிவது வழக்கம். இது இன்று கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. 1880இல் ரயில்வே முதலாளிகள் இங்கே கட்டிய டெல் மாண்டே ஹோட்டல், விருந்தினர்களுக்காகக் கடற்கரையிலேயே குளியல் மண்டபம் ஒன்றை அமைத்துக் கடல்நீரைச் சூடாக்கித் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்தது.

குளிரைவிடப் பெரிய ஆபத்து அலை. கார்மெல் அருகே உள்ள மானஸ்டரி பீச்சில் கரை செங்குத்தாகச் சரிகிறது. கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகில் தொடங்குகிறது. பார்க்க அமைதியாக இருக்கும் நேரத்திலேயே திடீரென்று பேரலை எழுந்து நிற்பவரை இழுத்துவிடும். பலர் உயிர் இழந்த இடம். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே அலைக்கு முதுகு காட்டவே கூடாது. தண்ணீரில் விளையாடத்தான் வேண்டும் என்றால் பக்கத்து ஊரான பசிபிக் க்ரோவில் உள்ள லவர்ஸ் பாயிண்ட் போன்ற ஒதுக்கமான சிறு கடற்கரைகள் மேல்.

நம்பிக்கை: மூட்டமான நாளில் சன்ஸ்கிரீன் வேண்டாம்.

வேண்டும். மெல்லிய மேகத்தைப் புற ஊதாக் கதிர் எளிதாகத் துளைத்துவிடும். குளிர் இருப்பதால் தோல் எரிவது உறைப்பதில்லை. மாலையில் அறைக்குத் திரும்பிய பிறகே மூக்கும் கழுத்தும் சிவந்திருப்பது தெரியும்.

நம்பிக்கை: டிசம்பர், ஜனவரியில் உறைபனி, போகவே கூடாது.

ஜனவரியின் சராசரிப் பகல் உச்சம் சுமார் 15, 16 டிகிரி. கோடைக்கும் இதற்கும் ஐந்து டிகிரி அளவுக்கே இடைவெளி. ஊருக்குள் பனி பொழிவது மிக அபூர்வம். இந்த மிதமான குளிரை நம்பித்தான் மொனார்க் பட்டாம்பூச்சிகள் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை பசிபிக் க்ரோவின் மரங்களில் கொத்துக்கொத்தாகத் தங்குகின்றன. சுமார் 13 டிகிரிக்குக் கீழே அவற்றால் பறக்க முடியாது. எனவே விடிகாலையில் போனால் காய்ந்த இலைக் கொத்துகள் போலத்தான் தெரியும். வெயில் ஏறிய பிறகு போனால் ஒவ்வொன்றாகச் சிறகு விரிப்பதைக் காணலாம். டிசம்பரிலிருந்து சாம்பல் திமிங்கிலங்கள் இந்த வழியாகத் தெற்கே போகும்.

குளிர்காலத்தில் கவனிக்க வேண்டியது மழை. ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி நவம்பர் முதல் ஏப்ரல் வரை கொட்டித் தீர்த்துவிடும், கோடையில் மழையே இல்லை எனலாம். புயல்காற்றோடு வரும் மழையில் குடை நிற்காது. தலையை மூடும் மழைக்கோட்டுதான் தாங்கும்.

நம்பிக்கை: செல்போனில் மாண்டரே வானிலையைப் பார்த்தால் போதும்.

போதாது. கடலிலிருந்து 20 கிலோமீட்டர் உள்ளே போனால் கார்மெல் வேலி கிராமம். கோடைப் பகலில் இரண்டு இடங்களுக்கும் பத்து டிகிரி வரை வித்தியாசம் வரலாம். ஸ்வெட்டரோடு கிளம்பியவர் அங்கே நிழல் தேடுவார். மூட்டம் விலகாத நாளில் வயதானவர்களை அங்கே அழைத்துப் போவது நல்ல யோசனை.

தெற்கே பிக் சர் கடலோரப் பகுதிக்குப் போகிறவர்கள் வானிலையோடு சாலையின் நிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2024 மார்ச் இறுதியில், மழையை அடுத்து, ராக்கி க்ரீக் அருகே நெடுஞ்சாலை 1இன் ஒரு பகுதி சரிந்து கடல் பக்கம் விழுந்தது. குளிர்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் அறை பதிவு செய்யுமுன் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸின் சாலை அறிவிப்பைப் பார்ப்பதும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்து எடுப்பதும் நல்லது.